கூரையையும் டயரையும் மழைக்கு முன் பாருங்கள்!

மண்ணும் தண்ணீரும் எப்போது சேரும், எப்போது சேராது என்பது விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. அதை வைத்துத்தான் அந்த ஊரில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

பழமலைநாதர் கோவிலும் மணிமுத்தாறும் விருத்தாசலத்தின் பழைய பெருமை. செராமிக் சாமான்கள் பிறகு வந்த பெருமை. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃப்யூஸ் கட்டை எல்லாம் அங்கே தயாராகின்றன. பக்கத்தில் நெய்வேலி. அங்கே நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டும்போது மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது. செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்கும் அரசு நிறுவனமும் அந்த ஊரில் உண்டு.

இருந்தும் என்ன? ஐப்பசி பிறந்தால் அந்த ஊரிலும் வீடு ஒழுகத்தான் செய்கிறது.

கடலூர் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அடித்த 'தானே' புயலையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும் அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை வரும் மாதம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நடுத்தரக் குடும்பங்கள் இரண்டு செலவுகளை மட்டும் தீபாவளிக்குப் பிறகு, பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிக்கொண்டே போகின்றன. ஒன்று கூரை. இன்னொன்று கார் டயர்.

தள்ளிப் போடுவதாவது பரவாயில்லை. கையில் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? ஆனால் மழை கொட்டும்போது கிடைத்த ஆளைப் பிடித்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் பூசி மெழுகி, அதற்கு ஒரு தொகையைக் கொட்டுகிறார்களே, அதற்கு மன்னிப்பே கிடையாது!

அச்சு குடிக்கும் தண்ணீர்

பொம்மை செய்கிறவர் முதலில் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்குகிறார். அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார். அச்சு தண்ணீரைக் குடிக்கிறது. மண் மட்டும் அச்சின் உள்பக்கத்தில் ஆடை போலப் படிகிறது. மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை!

அந்த அச்சில் குழாயும் இல்லை, ஓட்டையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் மட்டுமே உண்டு. அவை தண்ணீரை இழுக்கின்றன. செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் அதே ஜாதிதான். சுவர் தண்ணீரைக் குடிக்க ஓட்டை வேண்டியதில்லை. ஒரு மயிரிழை வெடிப்பும், தேங்கி நிற்கிற கொஞ்சம் தண்ணீரும் போதும்.

பொம்மைத் தொழிலில் இன்னொரு பாலபாடம் உண்டு. ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, பொம்மை வெடித்துவிடும். அதனால் எத்தனை அவசரமான ஆர்டராக இருந்தாலும் காயவிட்டுத்தான் வைப்பார்கள். ஆனால் வீட்டுச் சுவர் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் ஏன் வருவதில்லை? சுவர் ஈரமாக இருக்கும்போதே 'புட்டி' பூசி, பெயிண்ட் அடித்து, இரண்டே மாதத்தில் கொப்புளம் கிளம்பியதும் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பெயிண்ட் என்ன செய்யும்? உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே வரத்தானே பார்க்கும்!

கறை ஓரிடம், காரணம் வேறிடம்

ஹாலில் மின்விசிறிக்குப் பக்கத்தில் கறை இருந்தால், அதற்கு நேர் மேலே மாடியில்தான் ஓட்டை என்று பலர் நினைக்கிறார்கள். கொத்தனாரும் அந்த இடத்தைக் கொத்தி, பூசி, கூலி வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த மழையில் பழைய இடத்திலேயே கறை!

தண்ணீர் தளத்துக்குள் இறங்கிய பிறகு, சரிவு பார்த்து, கம்பி ஓரமாகவும் மின்சாரக் குழாய் வழியாகவும் பல அடி தூரம் நடந்து, வசதியான இடத்தில்தான் சொட்டுகிறது. ஆகவே கறையைப் பார்ப்பதைவிட, அது எப்போது வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைக்க வேண்டும். மழைக்குப் பிறகு மட்டும் கறை கோட்டைத் தாண்டினால் மாடியோ வெளிச்சுவரோ குற்றவாளி. கத்திரி வெயிலிலும் தாண்டினால் மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. மேல்வீட்டுக் குளியலறையோ, சுவருக்குள் ஓடும் குழாயோதான் ஒழுகுகிறது. குழாயா என்று தெரிய, இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பார்த்தால் போதும். ஒருவரும் தொடாமலே மட்டம் இறங்கியிருந்தால் திருடன் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான்.

சொட்டும் குழாயை அலட்சியமாக நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேல்! தெருக்குழாயில் அந்தக் குடத்துக்காக எத்தனை சண்டை நடக்கிறது!

மாடிதான் என்று தெரிந்துவிட்டால், எந்த இடம் என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. தண்ணீர் வடியும் துவாரங்களைத் துணியும் மணலும் வைத்து அடைத்து, மாடியில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுக் கீழே பார்ப்பது. கான்கிரீட் தளத்துக்கு இது சரி. மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளில் செய்யக் கூடாது. இரண்டு அங்குலத் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். உளுத்த கட்டை அதைத் தாங்குமா?

ஓடு ஒழுகாது, இடைவெளி ஒழுகும்

வெயிலுக்குக் குளுமையாக இருக்கும் என்று மொட்டை மாடியில் வெள்ளை டைல்ஸ் பதிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல யோசனைதான். ஆனால் 'டைல்ஸ் போட்டாயிற்று, இனி ஒழுகாது' என்று நினைப்பது தவறு. டைல்ஸ் நன்றாகச் சுடப்பட்டிருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்காது. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் அரை விரல் இடைவெளியில்தான் இறங்கும். அந்த இடத்தில் வெறும் சிமெண்டைத் தேய்த்துவிட்டுப் போனால் அடுத்த கோடையிலேயே அது வெடித்து உதிரும்.

பழைய சாக்கடைக் குழாய்களின் கதையும் இதுதான். பழுப்பு மெருகுடன் வழவழப்பாக இருக்கும் 'ஸ்டோன்வேர்' குழாய்களை விருத்தாசலம் ஒரு காலத்தில் ஏராளமாகச் செய்தது. அந்தக் குழாய் மண்ணுக்குள் எத்தனை வருஷம் கிடந்தாலும் அரிக்காது. மூட்டு விட்டுப்போகும். மரத்தின் வேர் அந்த வழியாகத்தான் உள்ளே புகும்.

டைல்ஸ் வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். டைல்ஸைத் திருப்பி, பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சொட்டு அப்படியே நின்றால் நன்றாக இறுகியது. மறைந்துவிட்டால் அது தண்ணீர் குடிக்கும் ரகம். குளியலறைச் சுவருக்கான டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேலும் தண்ணீர் குடிக்கும். சுவருக்கு அது போதும். தரைக்கான 'விட்ரிஃபைடு' டைல்ஸ் அரை சதவீதம்கூடக் குடிக்காது. மலிவாகக் கிடைத்ததென்று சுவர் டைல்ஸை மாடிக்கு ஏற்றுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல் மாடியில் சரிவு வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் இருந்தால்தான் தண்ணீர் ஓடும். சரிவு இல்லாத மாடியில் எந்த விலையுயர்ந்த மருந்தைப் பூசினாலும் அது குளத்துக்குப் பூசிய மருந்துதான்.

வாடகை வீடுகள்

வீடு ஒழுகினால் அதிகம் அவதிப்படுவது குடியிருப்பவர். ஒழுகலை நிறுத்த வேண்டியவரோ வேறு ஊரில் இருப்பார். வைகாசியில் வெள்ளையடித்து, பளிச்சென்று காட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டை விடுகிறார்கள். கார்த்திகையில் பாய் நனைகிறது. கேட்டால், 'நீங்கள் வருவதற்கு முன் ஒழுகவில்லையே' என்று பதில் வருகிறது!

இந்த வழக்குக்குச் சட்டம் பதில் சொல்லியிருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணைப்படி, கட்டடத்தின் அமைப்பில் வரும் பழுது, குழாய் மாற்றுதல், மின்சார ஒயரிங் எல்லாம் உரிமையாளரின் வேலை. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, ஸ்விட்ச் மாற்றுவது போன்றவை வாடகைதாரரின் வேலை. உடன்படிக்கையில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர இதுதான் முறை. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரிகளைப் படிக்க வேண்டும். வீடு பார்க்கப் போகிறவர் ஹாலை மட்டும் பார்த்துவிட்டு வராமல், அலமாரிக்குப் பின்பக்கச் சுவரையும், கழிவறை மேல்தளத்தையும் பார்ப்பது புத்திசாலித்தனம். அங்கே புதுப் பெயிண்ட் அடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை!

சுவரில் ஓடும் மின்சாரம்

இதுவரை சொன்னது பணநஷ்டம். இனிச் சொல்வது உயிர் விஷயம்.

விருத்தாசலத்தில் செய்கிற ஃப்யூஸ் கட்டை ஏன் பீங்கானில் இருக்கிறது? பீங்கான் தண்ணீர் குடிக்காது. அதனால் மழைக்காலத்திலும் அதன் வழியாக மின்சாரம் கசியாது. ஆனால் அந்தக் கட்டையைப் பொருத்தியிருக்கிற சுவர் தண்ணீர் குடிக்கும். கூரையில் இறங்கிய தண்ணீர் ஒயர் ஓடும் குழாய்க்குள் புகுந்து ஸ்விட்ச் பெட்டிக்கு வந்துவிட்டால், சுவரே மின்சாரக் கம்பிதான்.

'ஃப்யூஸ் இருக்கிறதே, போய்விடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. போகாது! 5 ஆம்பியர் ஃப்யூஸ் அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் உருகும். ஓர் ஆளைக் கொல்ல அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். அந்தச் சிறு கசிவைக் கண்டுபிடித்து நொடியில் துண்டிக்கும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்க வேண்டும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு உடையது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அவ்வப்போது அதை அமுக்கினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கருவி வெறும் அலங்காரம்.

ஈரச் சுவரைத் தொடும்போதோ ஸ்விட்சைப் போடும்போதோ 'சுருக்'கென்றால், ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சமாளிக்கக் கூடாது. நனையாத இடத்தில் நின்று மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மாடிக்குப் பெயிண்ட் அடிக்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதிதான் இந்தக் கருவியின் விலை. இருந்தும் பல வீடுகளில் பெயிண்ட் முதலில் வருகிறது, இது வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

வாசலில் நிற்கும் கார்

வீட்டுக்குச் சொன்னது வாசலில் நிற்கும் காருக்கும் பொருந்தும். மொட்டை மாடியில் சரிவும் தூம்பும் செய்யும் வேலையை டயரில் பள்ளங்கள் செய்கின்றன. ரோட்டைப் பிடிப்பதற்காகத்தான் டயரில் பட்டன் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த ரோட்டை மொட்டை டயரும் பிடிக்கும். அந்தப் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்துவிட்டால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. அதன் மேல் கார் படகு போல் மிதக்கிறது. அப்போது பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை.

விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் வழியாகத் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்டால் எல்லோருக்கும் வேகம் வந்துவிடுகிறது. கார்த்திகை மழையில், தேய்ந்த டயரோடு, பின்சீட்டில் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் போவது துணிச்சல் அல்ல.

சட்டம் கார் டயருக்கு 1.6 மில்லி மீட்டர் பள்ளமாவது வேண்டும் என்கிறது. பள்ளத்துக்கு அடியில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் மழைக்காலத்துக்கு இந்த அளவு போதாது. 3 மில்லி மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

புது டயர் வாங்கும்போது கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் டயரின் வயதைக் கேட்க வேண்டும். கேட்கக்கூட வேண்டாம், டயரே சொல்லும்! பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3124 என்றால் 2024-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு வருஷம் கடையில் நல்லபடியாக இருந்த டயரால் கெடுதல் இல்லை. நாலு வருஷம் மூலையில் கிடந்ததைப் புது விலைக்கு வாங்குவானேன்? ரப்பர் ஓடாமல் இருந்தாலும் இறுகும், வெடிக்கும். 5 வருஷம் ஆன டயரை வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். 10 வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகளே சொல்லும் யோசனை.

'செகண்ட் ஹேண்ட்' டயரைக் கறுப்பு மெருகு போட்டுப் பளபளக்க வைத்திருப்பார்கள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் மாதிரிதான் அது. ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடமும் வீக்கமும் கைக்குத் தெரிந்துவிடும். பக்கச் சுவரில் ஒட்டுப் போட்ட டயரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புதியதை எங்கே மாட்டுவது? முன்பக்கம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பின்பக்கம் மாட்டுங்கள் என்கிறார்கள் டயர் செய்கிறவர்கள். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும்.

காற்று விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. காற்று குறைந்த டயர் அதிகம் வளைந்து, சூடேறி, வேகத்தில் வெடிக்கிறது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். ஒரே டயரில் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால் ஆணி ஏறியிருக்கலாம், வால்வும் கசியலாம். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக ஸ்டெப்னி. அதன் தேதியையும் காற்றையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பல கார்களில் அது வண்டி வாங்கிய நாளிலிருந்து டிக்கியை விட்டு இறங்கியதே இல்லை.